ஒரே அளவு நீதியாகுமா?

சத்துணவுக் கூடத்தில் ஒருவரும் எழுப்பாத கேள்வியை வகுப்பறையில் மட்டும் நாம் ஏன் எழுப்புகிறோம்? தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்றும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைக்கு 150 கிராம் என்றும் அளவு வகுத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குள்ளும், சமைத்துப் பரிமாறும் அம்மையார் தம் கண்ணால் வேறொரு கணக்கு வைத்திருப்பார். முந்தின இரவு எந்தப் பிள்ளையின் வீட்டில் உலை ஏறவில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்பிள்ளையின் தட்டருகே வரும்போது கரண்டி சற்று ஆழமாக இறங்கும். அதைக் கண்டு பக்கத்துப் பிள்ளை முறையிடுவதில்லை. அதன் பெற்றோர் பள்ளிக்கு வந்து நியாயம் கேட்பதுமில்லை.

அதே பள்ளியில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒரு பிள்ளையின் கையில் கதைப் புத்தகத்தையும் அடுத்த பிள்ளையின் கையில் எழுத்தட்டையும் கொடுக்கட்டும். பெற்றோரின் முகம் மாறிவிடுகிறது. சென்ற ஆண்டு நம்மிடம் வந்த ஓர் அன்பரின் முகமும் அப்படித்தான் மாறியிருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் குடியிருந்து ஒரகடம் பகுதியில் வண்டி பூட்டும் தொழிற்சாலை ஒன்றில் முறைவேலை பார்ப்பவர் அவர். இரவுப் பணி முடித்துக் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கியவர், வீட்டுக்குப் போகாமல் நேரே நம்மைத் தேடி வந்திருந்தார்.

"சாமி, என் பையன் பத்து நிமிஷத்துல கணக்கை முடிச்சிடுறான். அதுக்கப்புறம் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுன்னு விட்டுடுறாங்க. அவன் படிக்கப் போறானா, பாடம் நடத்தப் போறானா? எல்லாருக்கும் ஒரே பாடம்னு இருந்தா இந்தப் பிரச்சினையே இல்லையே" என்றார்.

அவருக்கு அன்று நாம் சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. பிறருக்கு உதவுவது கிறிஸ்தவக் கடமை என்னும் வகையில் எதையோ சொல்லி அனுப்பிவைத்தோம். அவர் கேட்டதோ நீதியைப் பற்றிய கேள்வி. நீதி கேட்டு வந்தவரிடம் இரக்கத்தைப் பற்றிப் பேசி அனுப்புவது குருக்களாகிய நமக்குள்ள பழைய பலவீனங்களுள் ஒன்று.

ஒரு வகுப்பில் வெவ்வேறு நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு வெவ்வேறு விதமாகக் கற்பித்தல் என்பது தமிழகத்திற்குப் புதியதன்று. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில், சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவாக்கப்பட்டிருந்த அட்டை முறையே அதற்கு முன்மாதிரி. பாடநூல் சிறுசிறு அட்டைகளாகப் பிரிந்தது. கற்றல் ஏணி ஒன்று சுவரில் ஏறியது. ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியைத் தானே கண்டு, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு, உரிய குழுவில் போய் அமர்ந்தது. ஆசிரியரின் முழுத் துணை வேண்டுவோர் ஒரு குழு, தோழரின் துணை போதும் என்போர் ஒரு குழு, தாமே கற்போர் ஒரு குழு என்றவாறு அமைந்தன. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் பாயில் அமர்ந்தார். கரும்பலகையும் சுவரில் கீழே இறங்கிப் பிள்ளைகளின் கைக்கு எட்டியது. 2007–08 கல்வியாண்டில் இம்முறை மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

பெற்றோர் பலருக்கோ அது பாடம் நடத்துவதாகவே தோன்றவில்லை. வாத்தியார் நின்று பேசாத வகுப்பு என்ன வகுப்பு என்றார்கள். காலப்போக்கில் பல இடங்களில் அட்டைகள் கிழிந்தன, ஏணி மட்டும் சுவரில் நின்றது. ஆயினும் தேவை தீரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. எழுத்தே அறியாத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் வந்து அமர்ந்தார்கள். 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பெற்றது. அதில் முதல் மூன்று வகுப்புகளின் பிள்ளைகளைக் கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என மூவகையாகப் பிரித்து, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி நூல் தந்தார்கள். பெயர்கள் அழகானவை. அரும்பு மலராகாமல் நிற்பதில்லை என்னும் நம்பிக்கை அப்பெயர்களிலேயே இருக்கிறது. எனினும் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், எந்தக் குழு எதற்குக் கீழ் என்பதை இரண்டே நாளில் பிள்ளைகள் அறிந்துகொள்வார்கள்.

நம் அன்பரின் அச்சத்திற்கு வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது இந்த மண்ணின் நெடிய வரலாற்றில் போய் முடிகிறது. பழைய திண்ணைப் பள்ளியில் இன்றைய பொருளில் வகுப்பு என்று ஒன்றில்லை. மணலில் விரலால் எழுதத் தொடங்கும் பிள்ளையும், ஓலையில் எழுதும் பிள்ளையும், கணக்குப் போடும் பிள்ளையும் ஒரே திண்ணையில் இருந்தார்கள். மூத்தவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, இந்நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். பிள்ளைகளைக்கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். அது பின்னர் இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றுப் பரவியது. மணி அடித்தால் ஒரே பக்கம், ஒரே பாடம், ஒரே வேகம் என்பதே நம்மிடம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றுவிடலாம். ஆனால் அந்தத் திண்ணையில் ஏற முடியாமல் தெருவுக்கு அப்பால் நின்ற பிள்ளைகளையும் எண்ண வேண்டுமே. உள்ளிருந்தோர்க்கு அவரவர் வேகம், வெளியிலிருந்தோர்க்கு ஒன்றுமில்லை. ஆகவேதான் இந்நாட்டின் எளிய மக்களுக்கு 'ஒரே மாதிரி' என்னும் சொல் விடுதலையின் சொல்லாக ஒலித்தது. ஒரே பெஞ்சு, ஒரே சீருடை, ஒரே பந்தியில் மதிய உணவு ஆகிய ஒவ்வொன்றும் போராடிப் பெற்றது. 2010இல் சட்டமாகி, 2011இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று நிலைபெற்ற பொதுப் பாடத்திட்டத்திற்குச் சமச்சீர்க் கல்வி என்று பெயரிட்டதும் அந்த ஏக்கத்தினால்தான். இத்தகைய மண்ணில் ஒரு பிள்ளையைத் தனியே அமர்த்தி "உனக்கு வேறு பாடம்" என்றால், அதன் பாட்டிக்குப் பழைய தெரு நினைவுக்கு வருவதில் வியப்பென்ன? வெளிநாட்டுக் கல்வி நூல்களைப் படித்துவிட்டு இம்முறையைப் பரிந்துரைப்போர் இந்நினைவை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள்.

குருமடத்தில் நாம் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், நீதியைப் பற்றிய பாடத்தில் புனித தோமா அக்குவினார் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி இருவகைச் சமத்துவம் கூறுவதைக் கற்றோம். விற்பவனும் வாங்குபவனும் சந்திக்கும் இடத்தில் எண்ணளவில் சமம் வேண்டும். பத்து ரூபாய்ப் பொருளுக்குப் பத்து ரூபாய். ஆனால் பொதுவில் உள்ளதை உறுப்பினர்களுக்குப் பங்கிடும் இடத்தில் விகித அளவே சமம். அவரவர்க்கு உரியது அவரவர்க்கு. தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்தோமேயன்றி, அந்த விகிதத்தை எதனைக்கொண்டு கணக்கிடுவது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. அரிஸ்டாட்டில் தகுதி என்கிறார். தகுதியே அளவுகோல் என்றால், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு ஆசிரியரின் நேரம் மிகுதியாகப் போக வேண்டும். உண்மையைச் சொன்னால், எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்தும் வகுப்பில் நடப்பதும் அதுதான். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். முன்வரிசையில் நான்கு கைகள் உயர்கின்றன. அந்நால்வரோடு பாடம் நகர்ந்துவிடுகிறது. ஒரே பாடம் என்று நாம் அழைப்பது, பல வேளைகளில் அந்நால்வருக்கான பாடம்.

வேறோர் அளவுகோலும் திருச்சபையின் மரபில் உண்டு. தொடக்கக் கிறிஸ்தவர்கள் தங்கள் உடைமைகளை அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டதைத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில், அனைவருக்கும் எல்லாம் சமமாகத் தரப்பட வேண்டுமா என்னும் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அங்கு அவர் ஆள்பார்த்து வழங்குவதை விலக்குகிறார். பலவீனம் பார்த்து வழங்கச் சொல்கிறார். அடுத்து அவர் எழுதுவதுதான் நம்மை வியக்கச் செய்கிறது. குறைவாகத் தேவைப்படுபவர் மனம் வருந்தாமல் நன்றி கூற வேண்டும். மிகுதியாகத் தேவைப்படுபவர் தமக்குக் கிடைத்த சலுகையால் இறுமாப்புக் கொள்ளாமல் தாழ்ச்சி கொள்ள வேண்டும் என்கிறார். பிரித்துக் கொடுத்தால் இருபுறமும் காயம் ஏற்படும் என்பதை ஆறாம் நூற்றாண்டிலேயே அறிந்த ஒருவரின் கை அதில் தெரிகிறது.

நம் வாழ்வில் இதைக் கற்றது ஏட்டிலிருந்து அன்று. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இளங்குருவாக ஒரு தொடக்கப் பள்ளியின் பொறுப்பு நம்மிடம் இருந்தது. அப்பள்ளியில் ஓர் ஆசிரியை, நான்காம் வகுப்பில் படிக்கத் திணறிய ஆறேழு பிள்ளைகளைப் பிற்பகலில் தனியே மரத்தடியில் அமர்த்தி எழுத்துக் கற்பித்து வந்தார். நாம் ஒருநாள் அதைக் கண்டு கடிந்துகொண்டோம். பிள்ளைகளில் பாகுபாடு கூடாது, ஆண்டவர் முன்னிலையில் அனைவரும் சமம் என்று அவருக்கு மறையுரையே ஆற்றினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் முதல் மரத்தடி காலியாக இருந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின், அவர்களுள் ஒருவன் மாற்றுச் சான்றிதழ் பெற வந்தான். பதிவேட்டில் கையெழுத்திடும் இடத்தில் விரல்ரேகை வைக்கட்டுமா என்று கேட்டான். ஐந்து ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கு வந்த பிள்ளை அவன். பாகுபாடே இல்லாமல் அவனை நாம் எழுத்தறியாதவனாக அனுப்பிவைத்தோம்.

ஆகையால் வேறுபடுத்திக் கற்பித்தல் நீதியின்பாற்பட்டதே என்பது நம் துணிபு. அவ்வாறு சொல்லிவிட்ட பிறகும் அந்த ஒடியப் பெண்பிள்ளை நம்மை விடவில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலின் வாடகை அறைகளில் இன்று ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் பல உள்ளன. ஒரு வரிசை வீட்டில் நான்கு மொழி கேட்கும். நம் பங்கின் இளம்பெண்கள் இருவர் நடத்தும் மாலை வகுப்புக்கு அத்தகைய வீட்டிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி வந்தாள். முதல் நாள் தமிழில் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவளிடம் விடை இல்லை. நல்ல மனத்தோடுதான் அவளை ஆறு வயதுப் பிள்ளைகளோடு அமர்த்தினார்கள். மூன்று வாரங்கள் வாய் திறவாமல் அங்கேயே அமர்ந்து அ, ஆ எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கக் கொடுத்த 200 ரூபாய்க்குக் கடைக்காரர் தந்த மீதியில் 12 ரூபாய் குறைவதைச் சீட்டைப் பார்த்த கணத்தில் கண்டுபிடித்து, விரலால் காட்டினாள். அதன்பின் அவளிடம் எண்களை மட்டும் எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். வகுத்தல் கணக்குகளைப் பெரிய பிள்ளைகளுக்கு முன்னரே முடித்துவைத்தாள்.

அவளைக் கீழே அமர்த்தியது நம் அளவுகோல். அது அவள் கல்வியை அளக்கவில்லை, அவள் தமிழை அளந்தது. அங்கே பிரித்தது தவறன்று. எல்லாவற்றுக்கும் ஒரே பிரிவாகப் பிரித்ததும், பிரித்தபின் மூன்று வாரம் திரும்பிப் பாராததுமே தவறு. தமிழில் அரும்பாக இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம். திங்களன்று ஒரு குழுவில் இருந்தவள் வியாழனன்று வேறு குழுவுக்கு உரியவளாகலாம். குழுவுக்குச் சுவர் எழும்பிவிட்டால், அது பழைய தெருவாகவே ஆகிவிடும். பாட்டியின் அச்சம் அப்போது மெய்யாகிவிடும். ஆதலால் ஒரு பள்ளியில் இம்முறை நடக்கிறதென்றால், எத்தனை குழுக்கள் என்று நாம் கேட்பதில்லை. சென்ற மாதம் எத்தனை பிள்ளைகள் குழு மாறினார்கள் என்று கேட்கிறோம்.

தொழிற்சாலை அன்பரிடம் பின்னொரு நாள் இதைப் பேசியபோது அவரே ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். வரிசையில் வரும் வண்டி ஒன்றில் குறை தெரிந்தால் அதைத் தனியே ஓரமாக எடுத்துச் சரிசெய்வார்களாம். "ஆனா திரும்ப வரிசையில சேர்க்கணும் சாமி. ஓரத்துலயே நிக்கவிட்டா, மழையில துருப்பிடிச்சிடும்" என்றார். பிள்ளைகளை வண்டிகளோடு ஒப்பிடுவது நமக்கு உவப்பில்லைதான். ஆயினும் அவர் சொன்னதில் பொருள் இருந்தது.

அவருடைய மகனின் வழக்கும் தீர வேண்டுமே. பத்து நிமிடத்தில் கணக்கை முடிக்கும் பிள்ளை, எஞ்சிய முப்பது நிமிடமும் கூலியில்லாச் சட்டாம்பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது நீதியன்று. பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதால் தான் கற்றது உறுதிப்படும் என்பது உண்மையே. ஒரு வாரத்தில் ஓரிரு முறை போதும். அவனுக்கும் அவன் தலை நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில் ஒரு கணக்கு வேண்டும். தேவைக்கேற்பப் பங்கிடுதல் என்றால், அவன் தேவையும் தேவைதான். இதை முன்னரே சொல்லத் தவறியதற்காக அவரிடம் வருத்தம் தெரிவித்தோம்.

இவ்வளவும் யார் செய்வது? கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. ஐந்து வகுப்புகள், இரு ஆசிரியர்கள், ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நிலைகள்; இவற்றுக்கு மேல் கைப்பேசியில் பதிவேற்ற வேண்டிய விவரங்கள். பெரிய கிரகோரியார் தம் மேய்ப்புப் பணி நூலின் மூன்றாம் பகுதி முழுவதையும், எத்தகைய மனிதருக்கு எவ்வாறு போதிப்பது என்று வகைவகையாகப் பிரித்து எழுதினார். ஒரு விலங்கைக் காக்கும் புல் மற்றொன்றைக் கொல்லும் என்பது அவர் காட்டும் உவமை. அதை எழுதிய அவரும் மேய்ப்பனின் உடல்வலிமைக்கு எல்லை உண்டென்பதை நன்கறிந்தவர், நோயோடு போராடியவர். பள்ளி ஆசிரியையிடம் முப்பது வகைப் பொறுமையைக் கேட்கும் நாம், அவருக்கு உதவியாக ஓர் ஆளைத் தர எப்போது முன்வந்தோம்? நம் பங்குகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒரு மாலையில் இரண்டு பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து வாசிப்பைக் கேட்பதற்குப் பட்டமும் பயிற்சியும் வேண்டியதில்லை. நம் மாலை வகுப்பில் இப்போது அப்படி மூவர் வருகிறார்கள். ஒருவர் தமிழாசிரியராக இருந்தவர்; பிள்ளைகளின் ழகரத்தைத் திருத்துவதிலேயே பாதி நேரத்தைச் செலவிடுகிறார். அதுவும் நடக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

அந்தப் பெண்பிள்ளையைக் கணக்குக்குப் பெரிய பிள்ளைகளோடும் தமிழுக்குச் சிறியவர்களோடும் அமர்த்தினார்கள். கடன்வாங்கிக் கழித்தலை அவள் ஒடியமும் தமிழும் கலந்து விளக்க, நம் பிள்ளைகள் அவள் தமிழைத் திருத்த, அவள் அவர்கள் கணக்கைத் திருத்த, அந்தக் குழுவில் சத்தம் சற்று மிகுதியாகவே இருந்தது. தை மாதத்தில் அவள் தந்தையின் ஒப்பந்தம் முடிந்தது. புறப்படும் முன் தாய் வந்து, போகும் ஊரில் பள்ளியில் காட்ட ஒரு தாள் எழுதித் தரும்படி சைகையால் கேட்டார். மாலை வகுப்புக்குச் சான்றிதழ் ஏது? ஆயினும் எழுதினோம்: கணக்கில் தன் வயதுக்கு மேற்பட்ட நிலை, தமிழில் தொடக்க நிலை, விரைவாகக் கற்பாள், பிறருக்கும் கற்பிப்பாள். எந்த ஊர் என்று கேட்டபோது சூரத் என்றார். எழுதிய தாளை எடுத்துவைத்துக்கொண்டு, வேறொரு தாளில், தமிழ் பற்றிய வரியை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தோம்.